ஆட்டம் தெரியாமலே 'எனி கிவன் சண்டே' பார்ப்பது எப்படி

அமெரிக்கக் கால்பந்தாட்டத்தை வைத்து ஆலிவர் ஸ்டோன் 1999இல் எடுத்த இந்தப் படம் இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும். ராத்திரி சாப்பிட்டுவிட்டு பத்து மணிக்கு உட்கார்ந்தால் பாதியில் தூங்கிவிடுவீர்கள். என் மச்சான் அப்படித்தான் தூங்கினார், அவரைக் குறை சொல்ல முடியாது. எடுத்த எடுப்பில் நடு ஆட்டத்துக்குள் தள்ளிவிடுவார்கள். கேமரா ஓரிடத்தில் நிற்காது, யார் எந்தப் பக்கம் என்றே பிடிபடாது. அதனால் பகலில் போடுங்கள். அதற்கு முன் கால் மணி நேரம் சாப்பாட்டு மேசையில் உட்காருங்கள்.

நான் யாருக்குப் படத்தைப் போட்டாலும் டம்ளரில்தான் ஆரம்பிப்பேன். ஐந்து டம்ளர்களை ஒட்டினாற்போல் வரிசையாக வையுங்கள். இது தடுப்பு வரிசை. நடுவில் இருப்பவர் பந்தைக் காலிடுக்கு வழியாகப் பின்னால் தள்ளிவிடுவார். மற்றபடி இந்த ஐவருக்கும் பின்னால் நிற்பவரைக் காப்பதுதான் வேலை. பின்னால் ஓர் உப்பு டப்பா வையுங்கள், அவர் குவார்ட்டர்பேக். அவருக்கும் பின்னால் ஊறுகாய் பாட்டில், ரன்னிங் பேக். உப்பு டப்பா பந்தை ஊறுகாயிடம் கொடுத்து ஓடவிடலாம், முன்னால் ஓடிக்கொண்டிருப்பவருக்கு வீசலாம், இல்லை தானே தூக்கிக்கொண்டு ஓடலாம். இப்போது ஒரு டம்ளரை எடுத்துவிட்டுப் பாருங்கள். எதிரணி எந்த வழியாக வந்து உப்பைக் கொட்டும் என்று தெரியும். மழையில் நடக்கும் ஆட்டம் வரும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

கணக்கு சுலபம்தான். 10 யார்டு முன்னேற 4 வாய்ப்பு, ஒவ்வொன்றும் ஒரு டவுன். 10 யார்டைத் தாண்டினால் மறுபடி 4 கிடைக்கும், தாண்டாவிட்டால் பந்து எதிரணிக்கு. 'தேர்ட் அண்ட் எய்ட்' என்று கத்தினால் மூன்றாவது வாய்ப்பு, இன்னும் 8 யார்டு பாக்கி. கடைசிக் கோட்டுக்குள் பந்தோடு போனால் டச்டவுன், 6 புள்ளி. கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஃபீல்டு கோல், 3 புள்ளி. பெனால்டி விதிகளை விட்டுத்தள்ளுங்கள், இந்தப் படத்துக்கு வேண்டாம்.

சரி, படத்துக்கு வருவோம். மயாமி ஷார்க்ஸ் கற்பனை அணி. இந்த ஆட்டத்தின் நிஜ லீக்கான என்.எஃப்.எல். ஒத்துழைக்காததால் லீக்கையே கற்பனையாக உண்டாக்கிக்கொண்டார்கள். அணி தோற்றுக்கொண்டே வருகிறது. கோச் டோனி டமாட்டோவாக அல் பசினோ. முதல் ஆட்டத்திலேயே மூத்த குவார்ட்டர்பேக் காப் ரூனி அடிபட்டு விழ, அடுத்தவரும் விழ, மூன்றாவது ஆளாக வில்லி பீமன் உள்ளே வருகிறார். ஜேமி ஃபாக்ஸ். வந்த வேகத்தில் மைதானத்திலேயே வாந்தி எடுப்பார்.

இங்கிருந்து ஸ்கோரை மறந்துவிடுங்கள். ஒவ்வொரு டவுனுக்கும் முன்னால் வீரர்கள் வட்டமாகக் குனிந்து நிற்பார்களே, அந்த ஹடிலைப் பாருங்கள். கோச் சொன்ன திட்டத்தைக் குவார்ட்டர்பேக் அங்கேதான் மற்றவர்களிடம் சொல்வார். பீமனோ அதை மாற்றிச் சொல்ல ஆரம்பிக்கிறார். ஜெயிக்கவும் செய்கிறார். படத்தின் சண்டை முழுக்க அங்கேதான் இருக்கிறது. ஜூலியன் வாஷிங்டன் என்ற ரன்னிங் பேக் முகம் சுளிப்பதைக் கவனியுங்கள். ஓடும் யார்டைப் பொறுத்து அவருக்கு போனஸ் பணம். பீமன் வீசிக்கொண்டே இருந்தால் ஊறுகாய் பாட்டிலுக்கு என்ன கிடைக்கும்? தலைக்கனம் ஏறிய பீமனுக்கு அந்த மழை ஆட்டத்தில் டம்ளர்கள் பாடம் நடத்துவார்கள். அப்போது பந்தைப் பார்க்காதீர்கள், அந்த ஐந்து பேரை மட்டும் பாருங்கள்.

கோச் வீட்டுச் சாப்பாட்டுக் காட்சியில் போனை எடுக்காதீர்கள். பேச்சு நீளம்தான், ஆனால் படத்தின் மையம் அது. கறுப்பின வீரர்கள் ஓடலாம், மோதலாம், முடிவெடுக்கும் இடத்துக்கு மட்டும் வரக்கூடாது என்ற வழக்கம் அந்த ஆட்டத்தில் நெடுங்காலம் இருந்தது. அணியை சூப்பர் பவுல் என்ற லீக்கின் இறுதி ஆட்டத்தில் வெற்றிக்கு அழைத்துப்போன முதல் கறுப்பின குவார்ட்டர்பேக் டக் வில்லியம்ஸ், அது நடந்ததே 1988 ஜனவரியில்தான். பீமனின் கோபத்தைத் திமிர் என்று ஒதுக்கிவிட்டால் படம் சப்பென்றுதான் இருக்கும். அந்தக் காட்சியில் டிவியில் ஓடுவது 'பென் ஹர்'. அதன் நாயகன் சார்ல்டன் ஹெஸ்டன்தான் இந்தப் படத்தில் லீக்கின் தலைவர். ஸ்டோனின் குசும்பு!

அணியின் டாக்டர் கதையை வேகமாகக் கடந்துவிடலாம், ஜேம்ஸ் வுட்ஸ் கொஞ்சம் அதிகமாகவே நடிக்கிறார் என்பது என் அபிப்பிராயம். அவரிடம் மாட்டிக்கொள்ளும் லாவே என்ற வீரரை (டம்ளர் வரிசை இல்லை, எதிரணியின் குவார்ட்டர்பேக்கைத் துரத்தி விழவைக்கும் பக்கத்தவர்) மட்டும் விட்டுவிடாதீர்கள். நடித்திருப்பவர் லாரன்ஸ் டெய்லர், 1981 முதல் 1993 வரை நியூயார்க் ஜயண்ட்ஸுக்கு உண்மையிலேயே ஆடியவர். நடக்கும் நடையிலேயே தெரியும். முதலாளி கிறிஸ்டினாவாக கேமரூன் டியாஸ். அணியை ஊர் மாற்றிவிடுவேன் என்று அவர் மிரட்டுவது சினிமாத்தனம் இல்லை. கிளீவ்லாந்து அணியை அதன் முதலாளி 1996இல் பால்டிமோருக்கே கொண்டுபோய்விட்டார்.

பசினோ 'அங்குலம் அங்குலமாக' என்று பேசும் பேச்சு யூடியூபில் தனியாகக் கிடைக்கும். முன்கூட்டியே பார்க்காதீர்கள். தனியாகக் கேட்டால் வெறும் ஊக்கப் பேச்சு. படத்தோடு பார்த்தால், பணத்தைத் தொலைத்து, நேசித்தவர்களையும் விரட்டிவிட்ட ஒரு கிழவர் அவமானத்தை விழுங்கிக்கொண்டு பேசுவது தெரியும்.

குழந்தைகளை வைத்துக்கொண்டு போடாதீர்கள். கெட்ட வார்த்தை மழை, உடை மாற்றும் அறையில் நிர்வாணம், டல்லாஸ் ஆட்டத்தில் ஒருவருக்குக் கண்ணே கழன்று விழுவது, எல்லாம் உண்டு. கூட இருந்து சாப்பிடுபவர்கள் அதற்குள் சாப்பிட்டு முடித்திருப்பது நல்லது.

கடைசி ஆட்டம் முடிந்ததும் ரிமோட்டைத் தேடாதீர்கள். பெயர்கள் ஓடும்போதே கோச் பத்திரிகையாளர்கள் முன் பேச எழுந்திருப்பார். அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே கிறிஸ்டினாவின் முகத்தையும் பாருங்கள்.