பாய்ப்படகை வீட்டுக் கராஜில் குளிர்காலத்துக்கு நிறுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தின் செயின்ட் கிளேர் ஏரியிலும் அதைச் சுற்றியுள்ள சிறிய ஏரிகளிலும் பாய்ப்படகு ஓட்டுகிறவர்களுக்கு ஆண்டில் ஐந்து மாதம்தான் தண்ணீர். மற்ற மாதங்களில் படகு எங்கே நிற்கும் என்பதுதான் பெரிய கேள்வி. காரின் பின்னால் ட்ரெய்லரில் இழுத்துச் செல்லக்கூடிய அளவிலான படகு வைத்திருப்பவர்களில் பலர், வாடகைக் கொட்டகையைத் தவிர்த்துத் தம் வீட்டுக் கராஜையே நம்புகிறார்கள். அந்த முடிவில் குறையில்லை. ஆனால் அக்டோபர் நடுவில் படகைக் கரையேற்றிய பிறகுதான் பலரும் அளவு நாடாவைத் தேடுகிறார்கள். கதவை மாற்றவோ, காரோடு இணையும் ட்ரெய்லரின் முன்கட்டையை மடக்கும் வகைக்கு மாற்றவோ, கொட்டகைக்கு அனுமதி வாங்கவோ அப்போது நேரம் இருக்காது. இந்தக் கணக்கு ஆகஸ்ட் மாதத்தில் போடவேண்டிய கணக்கு.

எடுத்துக்காட்டாக, வட அமெரிக்காவில் மிகப் பரவலாகக் காணப்படும் கேட்டலினா 22 என்னும் படகை எடுத்துக்கொள்வோம். அதன் நீளம் ஏறத்தாழ இருபத்தொன்றரை அடி, அகலம் 7 அடி 8 அங்குலம், பாய்மரத்தின் நீளம் சுமார் 25 அடி. அங்குள்ள வீடுகளில் ஒற்றைக் கார் கதவு பெரும்பாலும் 9 அடி அகலமும் 7 அடி உயரமும் கொண்டது. அகலத்தில் பக்கத்துக்கு எட்டு அங்குலம் மிஞ்சுகிறது என்று மகிழ்ந்துபோகிறவர்கள் உயரத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ட்ரெய்லர்மேல் ஏறிய படகின் கேபின் கூரை 7 அடியை நெருங்கிவிடும். முன்பக்கத்துக் கம்பி வேலியும் சேர்ந்தால் அதைத் தாண்டிவிடும். விற்பனைத் தாளில் உள்ள எண்களைக் கூட்டிப் பார்த்து முடிவெடுப்பது முதல் தவறு. ட்ரெய்லரில் ஏற்றிய நிலையில், காற்று நிரம்பிய டயர்களோடு, மிக உயர்ந்த புள்ளியைத் தரையிலிருந்து அளக்க வேண்டும். கதவின் உயரத்தையும் நிலைச் சட்டம் வரை அளந்தால் போதாது. மேலே சுருண்டு சென்ற கதவின் கீழ் விளிம்பு சில அங்குலம் இறங்கி நிற்கும். கதவுத் திறப்பானின் மோட்டாரும் தண்டவாளமும் அதற்குப் பின்னால் கூரையிலிருந்து தொங்கும்.

நின்ற நிலையில் அளந்ததை வைத்து, நகரும்போதும் படகு அப்படியே போகும் என்று நம்புவது இதைவிட நுட்பமான தவறு. பெரும்பாலான வீடுகளில் கார் பாதை கராஜிலிருந்து தெருவை நோக்கிச் சரிந்திருக்கும். பத்தடிக்கு ஓரடி சரிவு என்று வையுங்கள். நெய்தல் நிலத்தார் அமரம் என்று சொல்லும் படகின் பின்பகுதி முதலில் உள்ளே போகுமாறு ட்ரெய்லரைப் பின்னோக்கித் தள்ளினால், சக்கரங்கள் வாசற்படியில் இருக்கும்போது முழுப் படகும் சரிவின் கோணத்திலேயே மேல்நோக்கி நிற்கும். அச்சுக்குப் பின்னால் ஆறடி நீண்டிருக்கும் அமரம், சமதளத்தில் நின்றிருந்தால் இருக்கும் உயரத்தைவிட ஏழு அங்குலம் மேலே போய்விடும். அந்த ஏழு அங்குலம் நிலைச் சட்டத்தில் இடிக்காது. அதைக் கடந்தபின், மேலே மடங்கிக் கிடக்கும் கதவுப் பலகையிலும் மோட்டாரிலும்தான் இடிக்கும். வாசலில் நின்று கைகாட்டுகிறவர் "வா, வா" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளே கண்ணாடியிழை நொறுங்கும் சத்தம் கேட்பது இதனால்தான்.

பாதை கராஜை நோக்கிச் சரிந்திருந்தால் கதை தலைகீழ். அமரம் தாழும், ஆனால் ட்ரெய்லர் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருக்கும்போது நடுப்பகுதி உயர்ந்து நிலைச் சட்டத்தை முட்டும். அச்சுக்கும் இணைப்புக் கொண்டிக்கும் இடையே 14 அடி இருந்தால், அதே சரிவில் இந்த உயர்வு ஏறக்குறைய நான்கு அங்குலம். ஆகவே சரிவை ஒரு நீண்ட பலகையும் மட்டக்கோலும் வைத்து அளந்து, தாளில் படகின் பக்கத் தோற்றத்தை அதே விகிதத்தில் வெட்டி, வரைபடத்தின்மேல் நகர்த்திப் பார்ப்பது சிறுபிள்ளை விளையாட்டுப் போலத் தோன்றினாலும், நான் அறிந்தவரையில் இதைவிட நம்பகமான வழி வேறில்லை.

இரண்டு மூன்று அங்குலம்தான் குறைகிறது என்றால் வழிகள் உண்டு. முன்பக்கக் கம்பி வேலியைப் போல்ட்டுகளை அவிழ்த்து எடுத்துவிடலாம். வசந்தத்தில் திரும்பப் பொருத்தும்போது ஒவ்வொரு துளையையும் புதிய அடைப்புப் பசையோடு மூடாவிட்டால் மழைநீர் டெக்குக்குள் இறங்கும் என்பதை மறக்கக் கூடாது. டயர்களில் காற்றைக் குறைத்து மெல்ல உருட்டி நுழைப்பதும் உண்டு. ட்ரெய்லரின் முன்முனையைத் தாழ்த்தினால் அணியம், அதாவது முன்பகுதி, இறங்கும். ஆனால் அது கிணற்றுத் துலாவைப் போன்றது, ஒரு முனை தாழ மறுமுனை உயரும், அந்த மறுமுனைதான் ஏற்கெனவே கதவுப் பலகையின்கீழ் நிற்கிறது. ஓரடிக்குமேல் குறைந்தால் இந்த வித்தைகளை விட்டுவிட்டு வேறு இடம் பார்ப்பதே அறிவு.

நீளக் கணக்கில் ட்ரெய்லரின் முன்கட்டையை மறப்பவர்கள் ஏராளம். படகின் மூக்குக்கு முன்னால் அது பொதுவாக மூன்று நான்கு அடி நீளும். பின்னால் சுக்கானும், வெளிப்பொறி எனப்படும், படகின் பின்புறம் மாட்டும் மோட்டாரின் தாங்கியும் தனி. பாய்மரத்தைக் கேபின்மேல் படுக்கவைத்தபடியே நுழைக்கலாம் என்பது வீண் ஆசை. 22 அடி ஆழமுள்ள அறையில் 25 அடி மரம் மூலைக்கு மூலையாகத்தான் கிடக்கும், அல்லது வெளிச்சுவரில் கூரை விளிம்பின்கீழ் தொங்கும். எங்கே வைத்தாலும் குறைந்தது மூன்று இடங்களில் தாங்கல் வேண்டும். இரு முனைகளில் மட்டும் தாங்கினால் நடுவில் தொய்ந்து மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். எஃகுக் கம்பிகளை அலுமினிய மரத்தோடு ஈரமாகச் சுற்றிக் கட்டிவைப்பதும் தவறு, இரண்டு உலோகங்களும் ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும்.

படகு உள்ளே வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று கதவைச் சாத்திவிடுகிறார்கள். கேட்டலினா 22 போன்ற படகுகளில், நம் தச்சர்கள் ஏரா என்று சொல்லும் கீல், சுமார் 250 கிலோ எடையுள்ள வார்ப்பிரும்பாக, ஒரு கம்பிவடத்தில் மேலே இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். குளிர்காலம் முழுவதும் அந்த எடையை வடத்தில் தொங்கவிடாமல், ட்ரெய்லரில் அதற்கென உள்ள தாங்கியில் இறக்கி அமர்த்த வேண்டும். டயர்களிலும் ட்ரெய்லரின் அதிர்வைத் தாங்கும் பட்டைச் சுருள்களிலும் உள்ள சுமையைக் குறைக்க முட்டுத் தாங்கிகள் வைப்பவர்கள், அவற்றை ட்ரெய்லரின் இரும்புச் சட்டத்தின்கீழ் வைக்க வேண்டும், படகின் உடலின்கீழ் வைக்கக் கூடாது. தூக்கியதால் கூடும் இரண்டு அங்குலம் மேலே உள்ள கதவுக்குப் போதுமா என்று முன்னதாகப் பார்த்துக்கொள்வதும் நல்லது. சக்கர பேரிங்குகளுக்குப் புதிய கிரீஸ் இப்போதே போட வேண்டும். சூடான சக்கரக் குடம் ஏரித் தண்ணீரில் மூழ்கும்போது உள்ளே ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது, அந்த ஈரம் ஆறு மாதம் சும்மா இருக்காது.

எல்லாவற்றிலும் விலை கூடிய தவறு, கூரைக்குள் இருப்பதால் தண்ணீர் உறையாது என்று எண்ணுவது. சூடேற்றாத கராஜ் காற்றையும் பனிப்பொழிவையும் தடுக்கும். ஜனவரியில் வாரக்கணக்கில் நீடிக்கும் உறைநிலையைத் தடுக்காது. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரிகிறது. குடிநீர்த் தொட்டி, கைக்குழாய், கழிவறைப் பெட்டி, வெளிப்பொறியின் பற்சக்கரங்கள் உள்ள கீழ்ப்பெட்டி ஆகிய எங்கே ஒரு கோப்பைத் தண்ணீர் தங்கினாலும் அங்கே விரிசல் காத்திருக்கிறது. கீழ்ப்பெட்டியின் எண்ணெயைக் குளிர்காலத்துக்கு முன் மாற்ற வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்: வடியும் எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துள்ளது, அது உறைந்தால் அலுமினிய உறையே பிளக்கும். பொறியை நிமிர்த்தி வைத்தால் குளிர்விப்புத் தண்ணீர் தானாக வடிந்துவிடும்; படுக்கவைத்தால் வடியாது. குழாய்களில் ஊற்றும் உறைதடுப்புத் திரவம் புரோப்பிலீன் கிளைக்கால் வகையாக இருக்கட்டும். கார் ரேடியேட்டருக்கான எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவை கொண்ட நஞ்சு. தரையில் சிந்தியதை வீட்டு நாய் நக்கினால் போதும்.

படகில் தங்கிய தண்ணீரை முழுதாக வடிக்க ஏரியின் நீரோடு வரும் உயிர்களும் ஒரு காரணம். வெளியிலிருந்து வந்து பரவும் வரிக்குதிரைச் சிப்பி, வட அமெரிக்கப் பேரேரிப் பகுதியில் முதன்முதலில் 1988-இல் கண்டறியப்பட்டதே செயின்ட் கிளேர் ஏரியில்தான். மிச்சிகனில் 2019 மார்ச் முதல், படகைச் சாலையில் இழுக்கும் முன் வடிகால் அடைப்பான்களைக் கழற்றித் தண்ணீரை வடிக்க வேண்டும் என்பது சட்டம். வீட்டுக்கு வந்ததும் அடைப்பானைத் திரும்பத் திருகிவிடாமல் திறந்தே விட்டு, முன்பகுதியைச் சற்று உயர்த்தி வைத்தால் எஞ்சிய நீர் பின்வழியே தானாக இறங்கும்.

பெட்ரோல் விஷயத்தில் அலட்சியத்துக்கு இடமே இல்லை. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது; தரையோடு படர்ந்து, வெந்நீர்க் கொதிகலன் அல்லது வீட்டைச் சூடாக்கும் உலையின் சிறு சுடரைத் தேடிப் போகும். அமெரிக்க வீட்டுக் கட்டட விதிகள் கராஜில் தீப்பொறி எழக்கூடிய சாதனங்களைத் தரையிலிருந்து 18 அங்குலம் உயர்த்தி வைக்கச் சொல்வது இதனால்தான். ஆனால் படகின் எரிபொருள் தொட்டி அந்த உயரத்துக்கு மேலேயே இருக்கக்கூடும் என்பதால் அந்த விதி படகுக்காரரை முழுதாகக் காப்பதில்லை. கையில் தூக்கும் தொட்டியைக் காலிசெய்து வெளியே எடுத்துவிடுங்கள். தொட்டி படகோடு பொருத்தப்பட்டதானால் பெட்ரோல் கெடாமல் நிலைப்படுத்தும் மருந்தைக் கலந்து, அது கார்புரேட்டர் வரை செல்லும்படி பத்து நிமிடம் பொறியை ஓட்டுங்கள், அதையும் வெளியே வைத்து. மூடிய கராஜில் ஓடும் பொறி வீட்டுக்குள் கார்பன் மோனாக்சைடை அனுப்பும்.

மின்கலத்தைச் சிமென்ட் தரையில் வைத்தால் மின்சாரம் இறங்கிவிடும் என்பது பழைய நம்பிக்கை. இன்றைய பிளாஸ்டிக் உறைகளுக்கு அது பொருந்தாது. முழுதாக ஏற்றிய ஈய அமில மின்கலம் கடுங்குளிரையும் தாங்கும், தீர்ந்துபோனது உறைநிலைக்குச் சில பாகை கீழேயே உறைந்து வெடிக்கலாம். லித்தியம் வகையை உறைநிலைக்குக் கீழ் சார்ஜ் செய்யக் கூடாது.

ஈரமும் எலியும் கடைசியாக வருவதால் மறக்கப்படுகின்றன. பக்கத்தில் நிற்கும் கார் ஒவ்வொரு மாலையும் சக்கரங்களில் பனியையும் சாலை உப்பையும் கொண்டுவந்து உருக்குகிறது. அந்த ஈரம் படகின்மேல் இறுக்கிச் சுற்றிய பிளாஸ்டிக் விரிப்புக்குள் சிக்கிக்கொண்டால் ஏப்ரலில் மெத்தைகள் பூஞ்சையோடு கிடைக்கும். உள்ளே நிற்கும் படகுக்குத் தூசி தடுக்கும் பருத்தித் துணியே போதும். கேபின் கதவைச் சற்றுத் திறந்து, மெத்தைகளைச் செங்குத்தாக நிறுத்தி விடலாம். பாய்களைக் கழற்றிக் கழுவி, முழுதாக உலர்த்தி வீட்டுக்குள் வையுங்கள், எலிக்கு அதைவிட நல்ல படுக்கை கிடையாது.

படகை ஓரமாக ஒதுக்கும் அவசரத்தில் மின்பலகை, தண்ணீர் மூடுகுழாய், உலை ஆகியவற்றுக்கான வழியை அடைத்துவிடாதீர்கள். பிப்ரவரியில் குழாய் வெடிக்கும் இரவில் ட்ரெய்லரை நகர்த்த முடியாது. கழற்றிய வடிகால் அடைப்பானை மட்டும் ஒரு சிவப்புக் கயிற்றில் கோத்து, பொறியின் சாவியோடு சேர்த்துக் கட்டிவையுங்கள், மே மாதத்தில் அதை மாட்டாமலேயே படகைத் தண்ணீரில் இறக்கியவர்கள் எல்லா இறங்குதுறையிலும் இருக்கிறார்கள்.