அறுகம்பே போகிறீர்களா? நான் விட்ட பிழைகளை விடாதீர்கள்

போன மாதம் சித்தி மகன் போன் எடுத்தான். "அண்ணா, அறுகம்பேல ரூம் போட்டாச்சு. அடுத்த நாள் விடிய யால சஃபாரி. அதுக்கும் காசு கட்டியாச்சு." எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2016இல் நானும் இதையேதான் செய்தேன்: கிழக்கிலங்கைக் கடற்கரையில் இருக்கும் அறுகம்பேயில் அறை எடுத்துவிட்டு, விடியவே யால தேசிய பூங்காவுக்கு ஜீப் பதிந்தேன்.

தொப்பி, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விடுகிறேன்.

யாலவும் குமணவும் பக்கம் பக்கம்தானே என்று நினைப்பது

வரைபடம் அப்படித்தான் ஏமாற்றும். அறுகம்பேக்குத் தெற்கே பாணமை, அதற்கப்பால் உகந்தை முருகன் கோயில், அங்கேயே குமண பூங்காவின் வாயில். அந்தக் காடு யால வரை ஒரே பச்சையாகத் தெரியும். 2006 வரை குமணவுக்கு 'யால கிழக்கு' என்றுதான் பெயர். ஆனால் நடுவில் கும்புக்கன் ஓயா என்கிற ஆறு ஓடுகிறது. கதிர்காமப் பாதயாத்திரை போகிறவர்கள் உகந்தையிலிருந்து அந்தக் காட்டுக்குள்ளால் நடக்கிறார்கள். அவர்களுக்கும் குறிப்பிட்ட நாட்களில்தான் பாதை திறக்கும். வாகனத்தில் போகும் நாம் மொனராகலை, புத்தள, கதிர்காமம் என்று சுற்றவேண்டும். மூன்று மணி நேரத்துக்குக் குறையாது.

யால ஜீப் காலை ஆறு மணிக்குப் பலட்டுபான வாயிலில் நிற்கும் என்றார்கள். இரவு இரண்டரைக்கு அம்மா, அக்கா, அவளுடைய இரண்டு பிள்ளைகள் எல்லோரையும் எழுப்பி வானில் ஏற்றினேன். சின்னவன் வழியில் இரண்டு தரம் சத்தி. போய்ச் சேர ஏழு மணி. ஜீப் இல்லை. முற்பணம் திரும்பாது என்று ரசீதின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்களாம். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. இதிலே பகிடி என்னவென்றால், நாங்கள் தூங்கிய அறையிலிருந்து குமண வாயில் முப்பது கிலோமீட்டர் அளவில்தான்!

மறுநாள் அங்கே போனோம். ஆனி மாதம், குமண வில்லு என்கிற சதுப்புக் குளத்தில் பறவைகள் கூடு கட்டும் காலம். சங்குவளை நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா என்று கண் நிறையப் பார்த்தோம். சிறுத்தையும் இருக்கிற காடுதான், எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் யாலவில் போல ஒரு சிறுத்தையைச் சுற்றி வரிசையாக ஜீப் நிற்கிற கூத்து இல்லை.

சரி, யாலதான் வேண்டும் என்றால் அதன் பக்கத்து ஊரான திஸ்ஸமகாராமவில் ஒரு இரவு தங்குங்கள்.

டிசம்பர் விடுமுறையில் போவது

மாரி காலம். வேண்டாம்.

பாசிக்குடா என்று நினைத்து இறங்குவது

பாசிக்குடாவில் இடுப்பளவுத் தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம். இங்கே அறுகம்பேயில், மெயின் பொயின்ற் என்கிற இடத்தில் அலை பாறைமேல் உடைகிறது. சேர்ஃபிங் தெரிந்தவனுக்கு அது சொர்க்கம், நமக்கு முழங்கால் போய்விடும். பழகுகிறவர்கள் பீனட் ஃபார்ம், விஸ்கி பொயின்ற் பக்கம் போவார்கள். சும்மா குளிக்கத்தான் என்றால் வள்ளக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள்.

லகுகலவை நித்திரையில் கடப்பது

மொனராகலையிலிருந்து பொத்துவில் வரும் வீதியிலேயே இருக்கிறது. 1,554 ஹெக்டேயர்தான், சின்னப் பூங்கா. ஆடி, ஆவணியில் குளத்துப் புல்லுக்கு யானைகள் கூட்டமாக வரும். மதிய வெயிலில் வந்து "ஒன்றையும் காணோமே" என்றால் எப்படி? பின்னேரம் வாருங்கள். வானை விட்டு இறங்காதீர்கள்.

பொழுதுபட்ட பிறகு பாணமை வீதியில் ஆட்டோ

அங்கேயும் யானை.