வறுமை என்று எழுதாமல் வறுமையைச் சொல்வது: சிறுகதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நண்பர்கள் எழுதும் கதைகளைக் கேட்டு வாங்கிப் படிப்பேன். கரு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆனால் இரண்டாம் பக்கம் வருவதற்குள் எழுதியவரே கதைக்கு முன்னால் வந்து நின்று மறைத்துவிடுவார்.

"நெசவாளி முருகேசன் வறுமையில் வாடினார். அவர் உள்ளம் சொல்லொணா வேதனையில் துடித்தது." இதைப் படித்தால் முருகேசன் மேல் இரக்கம் வருவதில்லை. எங்கே அழ வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுப்பது போல இருக்கிறது.

இப்படிப் பாருங்கள். ஐப்பசியில் நாலு நாளாக அடைமழை. தறியில் நீளவாக்கில் ஏற்றும் பாவு நூலைத் தெருவில் நீட்டிக் கஞ்சி போட்டுக் காயவைக்க வழியில்லை. குழித்தறி சும்மா கிடக்கிறது. வாசலில் பால்காரர் பாக்கி கேட்டு வந்து மணி அடிக்கிறார். முருகேசன் உள்ளே இருந்தபடி மகளை அனுப்புகிறார். "அப்பா வீட்ல இல்லையாம்" என்கிறது குழந்தை.

வறுமை என்ற சொல் இதில் எங்கும் வரவில்லை. அந்த 'யாம்' போதும். வாசகர் அதைத் தானாகவே பிடித்துக்கொள்வார், அவரை நம்பலாம். நம்பாமல் கீழே ஒரு வரி விளக்கம் எழுதுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

ஆனால் இப்படி எழுத, மழை வந்தால் பாவுக்கு என்ன ஆகும் என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாத தொழிலைக் கதையில் கொண்டுவருவதற்கு முன் ஒரு நாளாவது தறிக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள். பாவு, ஊடை, நாடா என்று அவர்கள் பேசுவதைக் கேட்டாலே பாதிக் கதை கிடைத்துவிடும்.

அடுத்தது உரையாடல். "அண்ணா, நம் அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது. நீயோ சென்னையில் வங்கியில் வேலை பார்க்கிறாய்" என்று எந்தத் தம்பியும் பேசமாட்டான். இரண்டு பேருக்கும் தெரிந்த விஷயத்தை வாசகருக்காகப் பேசவைத்தால் உடனே பொய் தெரிந்துவிடும். வட்டார வழக்கும் அப்படித்தான். நாலு இடத்தில் 'ஏலே' தூவினால் திருநெல்வேலி வந்துவிடாது. அந்த வீட்டு மருமகள் மாமியாரை அத்தை என்பாளா, மாமி என்பாளா? கணவனை எப்படிக் கூப்பிடுவாள்? அது சரியாக இருந்தால் ஊர் தானாக வந்துவிடும்.

யார் கண்ணால் கதையைச் சொல்கிறோம் என்பதையும் பலர் நடுவழியில் மறந்துவிடுகிறார்கள். முருகேசனோடு போய்க்கொண்டிருக்கும் கதை திடீரென்று பால்காரர் மனதுக்குள் நுழைந்துவிட்டு வரும். 1915இல் வ.வே.சு. ஐயர் 'குளத்தங்கரை அரசமரம்' கதையை ஒரு மரமே சொல்வதாக எழுதினார். மரத்தால் கரையை விட்டு நகர முடியாது. அங்கே நடப்பதையும் காதில் விழுவதையும் வைத்துத்தான் அது ருக்மிணி என்ற பெண்ணின் வாழ்க்கையைச் சொல்லியாக வேண்டும். அந்த எல்லைதான் அந்தக் கதைக்குப் பலம் என்று நினைக்கிறேன்.

சூரியன் பொற்கதிர்களை விரிப்பதாகத் தொடங்குவதை விட்டுவிடலாம். கதை எங்கே சூடு பிடிக்கிறதோ அந்தப் பத்தியை முதலில் வைத்துப் பாருங்கள்.

அப்புறம் முடிவு. எல்லாம் கனவு என்று முடிப்பது, கடைசி வரியில் யாரையாவது கொன்றுவிடுவது, "உழைப்பே உயர்வு" என்று நீதி சொல்வது, இந்த மூன்றும் அதுவரை கூடவே வந்த வாசகரைக் கைவிடுகிற வேலை. முருகேசனுக்கு லாட்டரி விழ வேண்டாம், அவர் தூக்கு மாட்டிக்கொள்ளவும் வேண்டாம். நானாக இருந்தால் மழை விட்ட காலையில் நிறுத்துவேன். தெரு நீளத்துக்கும் பாவு விரிந்திருக்கிறது. முருகேசன் குனிந்து கஞ்சி தடவிக்கொண்டிருக்கிறார். பால்காரர் சைக்கிளை விட்டு இறங்கி, நூலில் படாமல் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகிறார்.