மூன்றாவது கோல்கீப்பரையும் தயார்படுத்துங்கள்: என்.எச்.எல். பிளேஆஃபுக்கு முந்தைய ஏற்பாடுகள்

2022 மே 3 அன்று இரவு, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில், வட அமெரிக்கப் பனி ஹாக்கித் தொடரான என்.எச்.எல்.லின் பிளேஆஃபில் (பருவ இறுதியில் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) நடந்த முதல் சுற்றின் முதல் ஆட்டத்தில், பிட்ஸ்பர்க் பென்குவின்ஸ் அணியின் முதல் கோல்கீப்பர் டிரிஸ்டன் ஜாரி காயத்தால் ஆடவில்லை. அவருக்குப் பதிலாக வலைமுன் நின்ற கேஸி டிஸ்மித், இரண்டாவது கூடுதல் நேரத்தின் நடுவே உடல் ஒத்துழைக்காமல் வெளியேறினார். மாற்று ஆளாக அமர்ந்திருந்த மூன்றாமவர் லூயி டொமிங், தாம் இறங்க வேண்டியிருக்காது என்ற நினைப்பில், இடைவேளையின்போது காரமான பன்றியிறைச்சியும் பிராக்கோலியும் சாப்பிட்டிருந்தார். வயிறு நிறைந்த அந்த நிலையிலேயே இறங்கி 17 ஷாட்களைத் தடுத்தார். மூன்றாவது கூடுதல் நேரத்தில் பென்குவின்ஸ் 4-3 என்று வென்றது.

இந்தச் சம்பவத்தை வேடிக்கைக் கதையாகச் சொல்பவர்கள் உண்டு. ஓர் அணியின் பொது மேலாளருடைய நாற்காலியிலிருந்து பார்த்தால் இது வேடிக்கை அல்ல. டொமிங் அன்று அந்த இருக்கையில் இருந்ததற்குக் காரணம், யாரோ ஒருவர் பல வாரங்களுக்கு முன்பே அவரை ஒப்பந்தத்தில் வைத்து, ஆட்டப் பழக்கம் விட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டதுதான். பிளேஆஃபில் மூன்றாவது கோல்கீப்பர் தேவைப்படுவது நாம் எண்ணுவதைவிட அடிக்கடி நடக்கிறது. அவரை முடிவுசெய்ய வேண்டிய மாதம் ஏப்ரல் அல்ல, பிப்ரவரி. அந்த ஏற்பாட்டை எப்படிச் செய்வது என்பதே இந்தக் கட்டுரை.

முதலில், கையில் இருப்பவர்களை நேர்மையாக மதிப்பிட வேண்டும். ஆட்டத்துக்கு 30 ஷாட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தடுப்பு விகிதம் (வந்த ஷாட்களில் தடுத்தவற்றின் பங்கு) .915 உள்ள கோல்கீப்பர் சராசரியாக 2.55 கோல் விடுவார்; .900 உள்ளவர் 3 கோல் விடுவார். ஆட்டத்துக்கு ஏறக்குறைய அரை கோல் வித்தியாசம் என்பது ஏழு ஆட்டத் தொடரில் பெரிய தொகை. ஆனால் இதே கணக்கு இரண்டாமவரை எடைபோடும்போது நம்மை ஏமாற்றிவிடும். பத்து ஆட்டங்கள் மட்டுமே ஆடி 300 ஷாட்களைச் சந்தித்த ஒருவர் 27 கோல் விட்டிருந்தால் அவருடைய விகிதம் .910. சொந்த அணி வீரரின் காலில் பட்டுத் திசை மாறியவை, கண்மறைந்து வந்தவை என ஐந்து கோல் கூடுதலாகப் போயிருந்தால் .893 ஆகிவிடும். ஐந்து கோலின் அதிர்ஷ்டத்தை வைத்து ஒருவரை நல்லவர் என்றோ கெட்டவர் என்றோ தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஆகவே இரண்டாமவரையும் மூன்றாமவரையும் எண்ணைக் கொண்டு மட்டும் அளக்காமல், கோல்கீப்பர் பயிற்சியாளரோடு உட்கார்ந்து ஒவ்வொரு கோலையும் காணொளியில் பாருங்கள். ஷாட் வருவதற்கு முன் அவர் சரியான இடத்தில் நின்றாரா, ஒரு கோல் கம்பத்திலிருந்து மறு கம்பத்துக்கு நகரும்போது உடல் நிலைகுலைகிறதா, தடுத்த பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) எங்கே தள்ளிவிடுகிறார் என்ற மூன்று கேள்விகளுக்கான பதில்கள் பத்து ஆட்டங்களிலேயே தெளிவாகத் தெரிந்துவிடும்.

அடுத்தது விதிகள். கோல்கீப்பர் விஷயத்தில் பிப்ரவரி இறுதி வரை திறந்திருக்கும் கதவுகள் பல, மார்ச் மாதத்தின் ஒரு பிற்பகலில் ஒன்றாகச் சாத்தப்படுகின்றன. வீரர் பரிமாற்றக் கெடு 2025இல் மார்ச் 7ஆகவும் 2026இல் மார்ச் 6ஆகவும் இருந்தது. கெடு முடிந்தபின் வேறு அணியிலிருந்து வாங்கும் வீரர் உங்களுக்காகப் பிளேஆஃபில் ஆட முடியாது. வேவர் பட்டியலிலிருந்து (துணை அணிக்கு அனுப்பப்படும் வீரரை மற்ற அணிகள் எடுத்துக்கொள்ள வாய்ப்பளிக்கும் பட்டியல்) எடுப்பவருக்கும் அதே தடைதான். கெடுவுக்குப் பின் அணியில் 23 பேர் என்ற வரம்பு நீங்கிவிடுவதால் மூன்று கோல்கீப்பர்களை மேலணியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் துணை அணி ஆடும் ஏ.எச்.எல். தொடரிலிருந்து வழக்கமான முறையில் மேலே அழைப்பதற்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடு வந்துவிடுகிறது. காயம், நோய், தடை ஆகியவற்றால் ஆடத்தக்க கோல்கீப்பர்கள் இருவருக்குக் கீழே குறைந்தால் மட்டுமே அவசர அழைப்பு என்ற தனி வழி உண்டு.

இதில் பலர் தவறவிடும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கெடு நேரத்தில் ஏ.எச்.எல். பட்டியலில் இருக்கும் வீரரே அந்தத் தொடரின் பிளேஆஃபில் ஆடும் தகுதி பெறுகிறார். எனவே வேவர் விலக்கு உள்ள இளம் கோல்கீப்பர் அன்று மேலணியில் இருந்தால், அவரைக் கீழே அனுப்பிவிட்டு மறுபடி அழைக்க வேண்டியிருக்கும். அந்த மறு அழைப்பும் கட்டுப்பாட்டுக் கணக்கில் சேருமாதலால், அவரை யாருக்காக, எத்தனை முறை அழைக்கப் போகிறீர்கள் என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 2025-26 பருவம் முதல் பிளேஆஃபிலும் சம்பள உச்சவரம்பு வந்திருப்பதால், அன்றைய ஆட்டத்துக்கு இறங்கும் அணியின் மொத்தச் சம்பளத்தில் இரண்டு கோல்கீப்பர்களும் கணக்காவார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

வேவர் பற்றி ஓர் எச்சரிக்கை. 2018 அக்டோபர் தொடக்கத்தில் டொரன்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணி, காரெட் ஸ்பார்க்ஸை இரண்டாமவராக வைத்துக்கொள்ள முடிவுசெய்து, கர்ட்டிஸ் மக்எல்ஹின்னி, கால்வின் பிக்கார்ட் ஆகிய இருவரையும் துணை அணிக்கு அனுப்ப வேவரில் போட்டது. ஒரே நாளில் இருவரையும் வேறு அணிகள் எடுத்துக்கொண்டன. கரோலினா ஹரிகேன்ஸ் எடுத்துக்கொண்ட மக்எல்ஹின்னி, அந்தப் பருவத்தின் பிளேஆஃபில் பீட்டர் மிராசெக் காயமடைந்தபோது நியூயார்க் ஐலண்டர்ஸுக்கு எதிராக இறங்கி, 35 வயதில் தம் முதல் பிளேஆஃப் ஆட்டத்தைத் தொடங்கினார். கரோலினா அந்தச் சுற்றை வென்றது. அனுபவமுள்ள கோல்கீப்பரை வேவரில் போடும்போது ‘எவரும் எடுக்கமாட்டார்கள்’ என்று நம்புவதற்குப் பதிலாக, எடுத்துவிட்டால் அடுத்த ஆள் யார் என்ற பதிலைக் கையில் வைத்துக்கொண்டே போட வேண்டும்.

வெளியிலிருந்து ஒருவரை வாங்குவதா என்ற கேள்விக்கு என் பதில், பெரும்பாலும் வாங்குங்கள் என்பதே. விலை குறைவு, பயன் எப்போதாவது மிகப் பெரிது. கொலராடோ அவலாஞ்ச் 2020 பிப்ரவரிக் கெடு நாளில் டொரன்டோவிடமிருந்து மைக்கேல் ஹட்சின்சனை வாங்கியபோது அது ஒரு வரிச் செய்தி. அதே ஆண்டு கோடையில் டல்லாஸுக்கு எதிரான தொடரில் கொலராடோவின் முதல் கோல்கீப்பர் பிலிப் குருபாவர் காயமடைந்தார். பாவெல் ஃபிரான்சூஸும் ஆட முடியாமல் போனார். 1-3 என்று பின்தங்கியிருந்த அணியை ஹட்சின்சன் ஐந்தாம், ஆறாம் ஆட்டங்களில் வெற்றிபெற வைத்து ஏழாவது ஆட்டத்துக்கு இழுத்துச் சென்றார். அந்த ஆட்டம் கூடுதல் நேரத்தில் கைநழுவியது உண்மைதான். ஆனால் மூன்றாமவர் இல்லாதிருந்தால் ஏழாவது ஆட்டமே இருந்திருக்காது.

2022-23 பருவத்தின் வேகஸ் கோல்டன் நைட்ஸ் அணியை நான் பாடப்புத்தகமாகவே கொள்வேன். ராபின் லேனர் இடுப்பு அறுவைச் சிகிச்சையால் பருவம் முழுவதும் இல்லை. லோகன் தாம்சன் அருமையாக ஆடிக் காயமடைந்தார். ஏடின் ஹில், லோரான் புரோஸ்வா, யிரி பட்டேரா, மார்ச் 2 அன்று கொலம்பஸிடமிருந்து வாங்கப்பட்ட ஜோனதன் குயிக் எனத் தாம்சனோடு சேர்த்துப் பருவத்தில் ஐந்து பேர் வலைமுன் நின்றார்கள். பருவத்தின் பெரும்பகுதியைத் துணை அணியான ஹெண்டர்சனில் கழித்த புரோஸ்வாதான் பிளேஆஃபைத் தொடங்கினார். எட்மண்டனுக்கு எதிரான இரண்டாம் சுற்றின் மூன்றாவது ஆட்டத்தில் அவர் காயமடைய, ஹில் இறங்கி 11 வெற்றிகளோடும் .932 என்ற தடுப்பு விகிதத்தோடும் என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையைக் கையில் ஏந்தினார். ஹில்லை முந்தைய ஆகஸ்டில் சான் ஹோஸேயிடமிருந்து இளம் வீரர் தேர்வின் ஒரே ஒரு நான்காம் சுற்றுத் தேர்வுரிமைக்கு வாங்கியிருந்தார்கள். இந்த வெற்றியின் கருவை நான் காண்பது, துணை அணியில் இருந்தவரும் மேலணியில் இருந்தவரும் பருவம் முழுவதும் ஆடிக்கொண்டே இருந்ததில்தான்.

ஆகவே கடைசி இருபது ஆட்டங்களுக்கு ஒரு நாட்காட்டி போடுங்கள். அடுத்தடுத்த இரு நாட்களில் ஆட்டம் வந்தால் ஒருவரையே இரண்டுக்கும் நிறுத்தாதீர்கள். கால்களும் இடுப்பும் அயர்ந்தவர் கம்பத்திலிருந்து கம்பத்துக்குப் போக எடுக்கும் அந்தக் கணநேரத் தாமதமே கோல். முதலாமவருக்கு ஓய்வு கொடுப்பது எவ்வளவு முக்கியமோ, இரண்டாமவருக்கு உண்மையான ஆட்டம் கொடுப்பதும் அவ்வளவு முக்கியம். 1995-96இல் செயின்ட் லூயிஸ் அணியில் கிராண்ட் ஃபியூர் 82 ஆட்டங்களில் 79இல் ஆடினார். பிளேஆஃப் முதல் சுற்றில் டொரன்டோ வீரர் ஒருவர் அவர்மேல் விழுந்து முழங்கால் போனது. அது மோதலால் வந்த காயம், அயர்ச்சியால் வந்தது அல்ல. ஆனால் அவருக்குப் பின் நின்ற ஜான் கேஸிக்கு மிஞ்சிய ஆட்டங்கள் எத்தனை என்பதை அந்த 79 என்ற எண்ணே சொல்லிவிடுகிறது. கேஸி கௌரவமாகவே ஆடினார். டெட்ராய்ட்டுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தை 1-0 என்று இரண்டாவது கூடுதல் நேரத்தில்தான் இழந்தார்கள். அப்படி ஒரு திறமைசாலிக்கு மேலணியில் மிகச் சில ஆட்டங்களே கொடுத்துவிட்டு, பிளேஆஃபில் எழுந்து நில் என்று சொல்லும் நிலையை நீங்கள் உருவாக்கக்கூடாது.

மூன்றாமவருக்கு உரிய இடம் மேலணியின் பயிற்சித் திடல் அல்ல, துணை அணியின் வலைமுன். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஆட்ட நாள் காலைப் பயிற்சியைக் கவனித்துப் பாருங்கள். அன்று ஆடப்போகும் கோல்கீப்பர் பதினைந்து இருபது நிமிடத்தில் பனித்திடலைவிட்டு இறங்கிவிடுவார். மற்றவர் மட்டும் நின்று, அன்று அணியில் இடம்பெறாத வீரர்கள் நிதானமாகக் குறிபார்த்து மூலைக்கு அடிக்கும் ஷாட்களை வாங்கிக்கொண்டிருப்பார். எதிரே மறைத்து நிற்க ஆள் இல்லை. தடுத்த பக்குக்காகப் பாய்வார் இல்லை. கோல் விழுந்தால் இழப்பு இல்லை. இப்படி ஆறு வாரம் போனால் ஆட்டத்தின் வேகத்தைக் கண் மறந்துவிடும். வான்கூவர் கனக்ஸ் தன் மூன்றாமவர் ஆர்தர்ஸ் சிலோவ்ஸை 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அபட்ஸ்ஃபர்ட் துணை அணியில் ஆட வைத்திருந்தது. 2024 பிளேஆஃப் முதல் சுற்றில் தாட்சர் டெம்கோவும் பிறகு, அப்போது வான்கூவரில் இருந்த டிஸ்மித்தும் காயமடைய, மேலணியில் ஒன்பதே வழக்கமான பருவ ஆட்டங்கள் ஆடியிருந்த அவர் நான்காம் ஆட்டத்திலிருந்து இறங்கினார். ஆறாவது ஆட்டத்தில் கோலே விடாமல் 1-0 வெற்றியோடு நாஷ்வில் தொடரை முடித்தார். அடுத்த ஆண்டு அபட்ஸ்ஃபர்ட் ஏ.எச்.எல்.லின் கால்டர் கோப்பையை வென்றபோது பிளேஆஃபின் சிறந்த வீரரும் அவரே. துணை அணியின் கோல்கீப்பர் பயிற்சியாளரும் மேலணியின் பயிற்சியாளரும் ஒரே முறையைக் கற்பித்தால்தான் இந்த மாற்றம் தடங்கலின்றி நடக்கும்; இருவரும் வாரம் ஒருமுறையேனும் பேசிக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள்.

தடுப்பாட்டக்காரர்களை மறந்துவிட வேண்டாம். வலைக்குப் பின்னால் சுவரோரமாகச் சுற்றிவரும் பக்கை ஒரு கோல்கீப்பர் வெளியே வந்து நிறுத்திவைப்பார். இன்னொருவர் வலையைவிட்டு நகரவே மாட்டார். முன்னவரிடம் பழகிய தடுப்பாட்டக்காரர், பக் தமக்காக நின்றிருக்கும் என்று நம்பித் திரும்பும்போது அது மறுபக்கம் எதிரணியின் மட்டையில் போய் விழுந்திருக்கும். யார் எடுப்பது என்பதைக் கோல்கீப்பர் குரல் கொடுத்துச் சொல்லும் சொற்கள்கூட ஆளுக்கு ஆள் மாறும். அதனால் மார்ச் மாதத்திலேயே மூன்று பேரோடும் தடுப்பாட்ட இணைகள் அனைத்தும் இந்தப் பயிற்சியைச் செய்து முடித்திருக்க வேண்டும். குரல் சொற்களை மூவருக்கும் ஒன்றாக்கிவிடுவது இன்னும் நல்லது.

எல்லோரும் ஒரே நாளில் வீழ்ந்துவிட்டால்? 1928 ஸ்டான்லி கோப்பை இறுதியில் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணியின் லோர்ன் ஷபோவுக்குக் கண்ணில் அடிபட்டபோது, 44 வயதான பயிற்சியாளர் லெஸ்டர் பாட்ரிக்கே கவசம் அணிந்து நின்றார். அன்று மாற்று கோல்கீப்பர் என்ற வழக்கம் இல்லை. 2020 பிப்ரவரி 22 அன்று கரோலினாவின் இரு கோல்கீப்பர்களும் ஒரே ஆட்டத்தில் காயமடைய, அரங்கின் அவசரகால கோல்கீப்பரான 42 வயது டேவிட் ஏயர்ஸ் இறங்கினார். முதல் இரண்டு ஷாட்களும் கோலாயின. பிறகு வந்த எட்டையும் தடுத்தார். கரோலினா டொரன்டோவை 6-3 என்று வென்றது. அவரை மனதாரப் பாராட்டுகிறேன்; ஆனால் பிளேஆஃப் ஏற்பாட்டை அதன்மேல் கட்ட முடியாது. துணை அணியின் பருவம் முடிந்தவுடன் அங்குள்ள கோல்கீப்பரை மேலணியோடு சேர்த்துக்கொண்டு, வெளியூர் ஆட்டங்களுக்கும் தம் உபகரணங்களோடு உடன் வரச் செய்யுங்கள்.

கடைசியாக, யார் தொடங்குவது என்ற முடிவு. 2018இல் வாஷிங்டன் கேப்பிட்டல்ஸ், அப்போது தன்னிடம் இருந்த, பருவ இறுதியில் நன்றாக ஆடிய குருபாவரைக் கொண்டு தொடங்கி, கொலம்பஸிடம் இரண்டு ஆட்டங்களை இழந்தபின் பிரேடன் ஹோல்ட்பியிடம் திரும்பிக் கோப்பையை வென்றது. 2017இல் பிட்ஸ்பர்க்கின் மாட் மரே முதல் ஆட்டத்தின் முன்பயிற்சியில் காயமடைய, முந்தைய ஆண்டு தம் இடத்தை அவரிடம் இழந்திருந்த மார்க்-ஆந்த்ரே ஃபிளூரி இறங்கி ஒன்பது ஆட்டங்களை வென்றார். ஒட்டாவா தொடரின் நடுவே மரே திரும்பி வந்து கோப்பையை முடித்துக்கொடுத்தார். எத்தனை தோல்விக்குப் பிறகு, எந்த வகைக் கோலுக்குப் பிறகு மாற்றுவீர்கள் என்பதைத் தலைமைப் பயிற்சியாளரும் கோல்கீப்பர் பயிற்சியாளரும் முதல் ஆட்டத்துக்கு முன்பே பேசி முடித்திருக்க வேண்டும். ஆட்டம் தோற்ற இரவில் அந்தப் பேச்சைத் தொடங்கக்கூடாது. மாற்றம் முடிவானதும், செய்தி பத்திரிகையாளர் சந்திப்பிலோ சக வீரர் வாயிலாகவோ போய்ச் சேர விடாமல், மறுநாள் காலைப் பயிற்சிக்கு முன் தலைமைப் பயிற்சியாளர் இருவரையும் தனித்தனியே அழைத்து நேரில் சொல்லட்டும். உட்காரப் போகிறவரிடம் முதலில் சொல்லட்டும்; அன்றைய பயிற்சியில் ஆள் மறைத்து நிற்கும் முழு வேக ஷாட்கள் அவருக்கும் உண்டு என்பதையும் சேர்த்தே சொல்லட்டும்.