விண்கல்லுக்குப் பரிசு அறிவிக்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கம் ஒரு ராத்திரி பளீரென்று தீப்பந்து ஒன்று தெரிந்து, ஓரிரு நிமிடம் கழித்து இடி மாதிரி சத்தமும் கேட்டது என்று வையுங்கள். சத்தம் கேட்டிருந்தால் கல் தரைவரை வந்திருக்க வாய்ப்பு உண்டு. விடிந்ததும் வாட்ஸ்அப்பில் என்ன ஓடும் என்று சொல்ல வேண்டியதில்லை: ‘விண்கல் கொண்டுவருபவருக்கு ஒரு லட்சம்!’ போட்டது ஊர் இளைஞர் மன்றமாக இருக்கலாம், கல்லூரி வானியல் குழுவாக இருக்கலாம், துபாயில் இருக்கும் ஆர்வக்கோளாறு அண்ணன் ஒருவராகவும் இருக்கலாம். பரிசு அறிவிப்பது தப்பில்லை. எதற்குப் பரிசு என்று யோசிக்காமல் அறிவிப்பதுதான் வில்லங்கம்.

பரிசே கூடாது, அறிவியலுக்குச் சும்மா கொடுக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். இங்கிலாந்தில் வின்ச்கோம்ப் என்ற சிற்றூரில் 2021 பிப்ரவரி 28 ராத்திரி ஒரு வீட்டு வாசலில் கல் விழுந்தது. அந்தக் குடும்பம் அதைக் கையுறை போட்டுப் பொறுக்கி, பையில் போட்டு, அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டது. நல்ல மனசுதான். ஆனால் மொராக்கோவில் 2011 ஜூலையில் திஸ்ஸிந்த் அருகே செவ்வாய்க் கிரகத்துக் கல் விழுந்தபோது, பாலைவனத்தைச் சல்லடை போட்டுத் தேடியவர்கள் வியாபாரி தரும் காசை நம்பித் தேடிய உள்ளூர் மக்கள். அந்தக் காசு இல்லையென்றால் பாதிக் கல் மணலுக்குள்ளேயே கிடந்திருக்கும். அன்றாடம் கூலி வாங்குகிறவரிடம் போய், ஆராய்ச்சியாளருக்குச் சம்பளம், உனக்கு நன்றி என்று சொல்வதில் என்ன நியாயம்? பரிசு இருக்கட்டும்.

எடைக்குக் காசு, முதல் ஆளுக்குக் காசு

பரிசின் விதி எப்படியோ, கல்லின் கதியும் அப்படி. ‘ஒரு கல்லுக்கு இவ்வளவு’ என்றால் ஒரு கல் நான்கு துண்டாகி வரும். ‘கிராமுக்கு இவ்வளவு’ என்றால் கோலிக்குண்டு அளவுத் துண்டை யாரும் குனிந்து எடுக்க மாட்டார்கள். பெரிய துண்டு கிடைத்தவரோ நாளைக்கு விலை ஏறும் என்று பரணில் வைத்துவிடுவார். ‘முதலில் கொண்டுவருபவருக்கு’ என்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். எந்த இடத்தில், எப்படிக் கிடந்தது என்று பார்க்காமல் அள்ளிக்கொண்டு ஓடிவருவார்கள்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 2023 ஏப்ரலில் பகல் நேரத்தில் தீப்பந்து தெரிந்தபோது, அங்குள்ள கனிம அருங்காட்சியகம் ஒன்று முதல் ஒரு கிலோ கல்லுக்கு 25,000 டாலர் என்று அறிவித்தது. மற்ற துண்டுகளையும் வாங்கத் தயார் என்றும் சொன்னது. அருங்காட்சியகத்துக்கு அது சரி; காட்சிக்கு வைக்கக் கனமான கல் வேண்டும். நமக்கு வேண்டியது வேறு. கல் வானத்தில் உடையும்போது சிறு துண்டுகள் பாதையின் ஆரம்பத்திலும் பெரியவை இன்னும் தள்ளிப் போயும் விழும். அதனால் பத்து கிராம் துண்டு ஒன்று சரியாக எந்த இடத்தில் கிடந்தது என்று தெரிந்தாலே மிச்சத்தை எந்தத் திசையில் தேடலாம் என்று புரிந்துவிடும். அந்தத் தகவலின் மதிப்பு துண்டின் எடையோடு கூடிக் குறைவதில்லை.

இதோடு நேரமும் ஒரு விஷயம். விண்வெளியில் கதிர்கள் பட்டுக் கல்லுக்குள் உருவான சில கதிரியக்க அணு வகைகள் (ஐசோடோப்புகள்) வேகமாகச் சிதைந்துபோகும். சோடியம்-24 சுமார் 15 மணி நேரத்தில் பாதியாகிவிடும், ஸ்கேண்டியம்-46 சுமார் 84 நாளில். மழை இன்னொரு எதிரி. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஈரம் பட்டால் உள்ளே இருக்கும் இரும்பு துருப்பிடிக்கத் தொடங்கிவிடும். ஆகவே காசை இரண்டுக்குக் கொடுங்கள்: சீக்கிரம் சொன்னதற்கு, தொடாமல் இடம் காட்டியதற்கு. பத்து கிராம் என்றாலும் ஐந்து கிலோ என்றாலும் ஒரே தொகை.

முதல் செலவு கல்லுக்கே இல்லை என்பது என் கட்சி. கடை, கோயில், சர்ச், பெட்ரோல் பங்க் என்று எங்கும் சிசிடிவி கேமரா இருக்கிறது. பழைய பதிவு சில நாளிலோ வாரங்களிலோ அழிந்து அதன்மேல் புதிது ஏறிவிடும். தக்கலையில் ஒன்று, கருங்கலில் ஒன்று, ஆரல்வாய்மொழியில் ஒன்று என்று மூன்று பதிவு கிடைத்தாலே பாதையைக் கணக்குப் போட்டுவிடலாம். குளச்சல் ஆட்களுக்குத் தலைக்கு மேலே தெரிந்த தீப்பந்து கடலில் போய் விழுந்திருக்கவும் கூடும். அது முதலிலேயே தெரிந்தால் பேச்சிப்பாறை வரைக்கும் ஆட்களை ஓட விட வேண்டாம்.

‘காந்தம் வைத்துப் பாருங்கள்’

பரிசு நோட்டீஸில் இந்த வரியைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். மணவாளக்குறிச்சிக் கருமணலிலும் காந்தத்தில் ஒட்டும் துகள் உண்டு. கொல்லன் பட்டறை இரும்புச் சிட்டமும் ஒட்டும். அரிய கற்கள் சிலதான் சரியாக ஒட்டாது: நிலாவிலிருந்து வந்தவற்றில் உலோகம் மிகக் குறைவு, 2022 ஆகஸ்ட் 17 அன்று குஜராத்தின் தியோதர் அருகே விழுந்த ஆப்ரைட் வகையிலும் இரும்பு குறைவு. ஒட்டவில்லை என்று நல்ல கல்லைத் தூர எறிந்துவிட்டு, சிட்டத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவருவார்கள்.

அதைவிடப் பெரிய சேதம் கண்ணுக்குத் தெரியாது. கல் பிறந்தபோது இருந்த காந்தப்புலத்தின் தடம் அதற்குள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக இருக்கும். கடையில் வாங்கிய வலுவான காந்தத்தை ஒருமுறை ஒட்டவைத்தால் அந்தத் தடம் அழிந்துபோகும். ஆராய்ச்சிக் கூடத்துக்கு வந்த எத்தனையோ கற்கள் இப்படிக் கெட்டவைதான்.

நோட்டீஸில் போட வேண்டிய அடையாளம் வேறு. புதிதாக விழுந்த கல்லின் மேல் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத மெல்லிய கறுப்புத் தோல் இருக்கும், அடுப்பில் மேல்பக்கம் மட்டும் கருகிய கிழங்கு மாதிரி. உடைந்த இடத்தில் உள்நிறம் பெரும்பாலும் வெளிறித் தெரியும். சிட்டத்தில் இருப்பது போன்ற குமிழ் ஓட்டைகள் இருக்காது. கழுவ வேண்டாம், எண்ணெய் தடவ வேண்டாம். யாராவது ஏற்கெனவே மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட ஆரம்பித்திருந்தால் பிடுங்கிக்கொண்டு வர வேண்டாம், பேசிப் பாருங்கள்.

விளை யாருடையது?

நம் ஊரில் புதுக் கல்லை முதலில் பார்க்க வாய்ப்புள்ளவர் ரப்பர் மரத்துப் பால்வெட்டுக்காரர். விடியும் முன்பே நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு ரப்பர் விளைக்குள், அதாவது தோட்டத்துக்குள், போகிறவர் அவர்தான். சருகின்மேல் நேற்றில்லாத கறுப்புக் கல் ஒன்று கிடந்தால், ஒவ்வொரு மரத்தடியையும் தினமும் பார்க்கிற அவர் கண்ணுக்குத்தான் அது படும். விளை முதலாளியோ நாகர்கோவிலில் இருப்பார். பரிசு யாருக்கு?

இதை முன்கூட்டியே எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அலபாமாவின் சிலகாகா உதாரணம். 1954 நவம்பரில் வாடகை வீடு ஒன்றின் கூரையைப் பிய்த்துக்கொண்டு வந்த கல், படுத்திருந்த பெண்மணிமேல் பட்டது. கல் குடியிருப்பவருக்கா, வீட்டுக்காரருக்கா என்று வழக்கு. கடைசியில் குடியிருந்தவர்கள் வீட்டுக்காரருக்கு 500 டாலர் கொடுத்துக் கல்லைத் தக்கவைத்தார்கள். அதற்குள் வாங்க ஆளில்லாமல் போய், கல் அருங்காட்சியகத்துக்குப் போனது. கண்டவருக்கு இவ்வளவு, நிலத்துக்காரருக்கு இவ்வளவு, அனுமதியில்லாமல் வேலி தாண்டினால் ஒன்றும் கிடையாது என்று அறிவிப்பிலேயே இருக்கட்டும்.

இரிடியம் பார்ட்டி

இனி உண்மையான ஆபத்து. கோபுரக் கலசம், அரிசியை இழுக்கும் செம்பு, இரிடியம் என்று சொல்லிச் சொத்தை விற்க வைத்த கதைகள் தமிழ்நாட்டில் ஏராளம். நீங்கள் ‘விண்கல்லுக்கு ஒரு லட்சம்’ என்று போட்ட மறுநாளே, ‘அதில் இரிடியம் இருக்கு ஓய், கோடிக்குப் போகும், டெஸ்ட் பண்ண மட்டும் அம்பதாயிரம் அட்வான்ஸ் கொடும்’ என்று ஒருவர் கிளம்புவார். சாதாரண விண்கல் ஒரு கிலோவில் இருக்கும் இரிடியம் ஒரு மில்லிகிராம்கூட வராது.

கோடிச் செய்திகளும் இந்த ஆசையை ஊதிவிடுகின்றன. 2025 ஜூலையில் நியூயார்க் ஏலத்தில் 24 கிலோவுக்கு மேற்பட்ட செவ்வாய்க் கல் கட்டணங்களோடு 53 லட்சம் டாலருக்குப் போனது. கிடைத்த நாடான நைஜர், அது எப்படி வெளியே போனது என்று விசாரணை தொடங்கியது. தலைப்பில் வருவது விலை மட்டும்தான். விழும் கற்களில் பெரும்பாலானவை சாதாரணக் கொண்ட்ரைட் என்ற பொதுவான வகை. அந்த விலைக்கும் இவற்றுக்கும் சம்பந்தமே இல்லை.

இந்தியாவில் விழும் விண்கற்களுக்குக் காப்பாளர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 2008 செப்டம்பர் 12 அன்று விழுந்த 110 கிலோ அளவிலான கல் இன்று உலகப் பட்டியலில் ‘சூளகிரி’ என்ற ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. அதனால் நீங்கள் கல்லை வாங்கவும் கூடாது, மறைக்கவும் கூடாது. வி.ஏ.ஓ.விடமோ தாசில்தாரிடமோ ஒப்படைத்து, ரசீது வாங்கி, அதன் நகலைக் கண்டவர் கையில் கொடுங்கள்.

உறுதியாகும் முன் ‘விண்கல்தான்’ என்று மாலை போட்டுப் போட்டோ எடுப்பதும் வேண்டாம். 2016 பிப்ரவரியில் வேலூர் மாவட்டக் கல்லூரி ஒன்றில் ஒருவர் இறந்தபோது விண்கல் என்று அறிவித்து அரசு ஒரு லட்சம் ரூபாய் நிவாரணமும் தந்தது. படங்களைப் பார்த்த நாசா, தரையில் நடந்த வெடிப்பு போலத்தான் தெரிகிறது என்றது.

நான் எழுதினால் நோட்டீஸ் இப்படி இருக்கும்:

‘கறுப்புத் தோலுள்ள புதுக் கல் கண்டால் தொடாதீர்கள், காந்தம் வைக்காதீர்கள். பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் படம் எடுத்து, லொகேஷனோடு அனுப்புங்கள். மழை வந்தால் மட்டும் சுத்தமான அலுமினியத் தாளில் எடுத்து வையுங்கள். விண்கல் என்று உறுதியானால் முதலில் தகவல் சொன்னவருக்கு முழுத் தொகையில் முக்கால், நிலத்துக்காரருக்குக் கால். எடை கணக்கில்லை. சிசிடிவி பதிவு தருபவருக்குத் தனித் தொகை. கல் அரசிடம் போகும், நாங்கள் வாங்க மாட்டோம். சோதனைக்கென்று யாரிடமும் காசு கேட்க மாட்டோம். எங்கள் பெயரைச் சொல்லி யாராவது கேட்டால் போலீஸில் சொல்லுங்கள்.’