ஒயர் இல்லாத சரவுண்ட் ஹெட்ஃபோன்: படம், பாட்டு, கேம் மூன்றுக்கும் பொருத்தும் முறை

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புறத்து ஊர்களில், பழைய லயத்து வீடுகளில் இரண்டு குடும்பத்துக்கு நடுவே ஒரு பலகைச் சுவர்தான். விடியற்காலை பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்குப் போகிறவர் அந்தப் பக்கம் தூங்கும்போது, இந்தப் பக்கம் ஸ்பீக்கரில் சண்டைக்காட்சி ஓட்ட மனசு வராது. மழை பிடித்தாலோ தகரக் கூரைச் சத்தத்தில் வசனமே கேட்காது. ஹெட்ஃபோன் இதற்கு நல்ல வழி. ஆனால் பெட்டியைப் பிரித்து அப்படியே மாட்டிக்கொண்டால் சரவுண்ட், அதாவது நம்மைச் சுற்றிலுமிருந்து கேட்பது போன்ற சத்தம், வராது. அதை நாம்தான் இயக்க வேண்டும்.

முதலில் ஒரு விளக்கம். சரவுண்டில் 5.1 என்று சொல்வார்கள்; ஐந்து ஸ்பீக்கர், கனத்த சத்தத்துக்கு ஒரு சப்வூஃபர் என்று அர்த்தம். ஹெட்ஃபோனில் பெரும்பாலும் காதுக்கு ஒன்றுதான். அப்புறம் எப்படிப் பின்னால் காலடிச் சத்தம் கேட்கிறது? இடப்பக்கம் எழும் சத்தம் இடது காதுக்குச் சற்று முந்தியும் பலமாகவும் வந்து சேரும். முந்துவது ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவு. காது மடலின் வளைவும் சத்தத்தைக் கொஞ்சம் மாற்றும். இதையெல்லாம் வைத்துத்தான் மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது. மென்பொருள் அதே வித்தியாசங்களைக் கணக்குப் போட்டு உண்டாக்குகிறது. ஆளுக்கு ஆள் காது வேறு என்பதால், அண்ணனுக்குப் பிரமாதமாகக் கேட்பது தம்பிக்குச் சுமாராக இருக்கலாம். மாட்டிப் பார்த்து வாங்க முடிந்தால் அதுவே நல்லது.

படி 1: இணைப்பு

இதில்தான் கவனம் வேண்டும். ஒயர் இல்லாத ஹெட்ஃபோன் இரண்டு விதம். 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளோடு (யுஎஸ்பி துளையில் செருகும் சின்னக் கருவி) வருவது ஒன்று, ப்ளூடூத் மற்றொன்று. சாதாரண ப்ளூடூத்தில் சத்தம் 100 முதல் 200 மில்லி செகண்ட் வரை, சில நேரம் அதற்கு மேலும் தாமதமாகும். பாட்டுக்குப் பரவாயில்லை, கேமில் துப்பாக்கி வெடித்த பிறகு சத்தம் வந்தால் என்ன பயன்? போதாததற்கு, கணினியில் ப்ளூடூத் மைக்கைப் போட்டதும் பெரும்பாலான ஹெட்ஃபோன்களில் ஒலித்தரம் தடாலென்று இறங்கிவிடும். கேம் ஆடுபவர் கூடுதலாகச் சில வெள்ளி போனாலும் டாங்கிள் உள்ளதையே வாங்குங்கள்.

படி 2: டிவியில் படம்

முழுசாகச் சார்ஜ் செய்யுங்கள். சில ஹெட்ஃபோன்கள் டிவியோடு ஆப்டிகல் கேபிளில் (சத்தத்தை ஒளியாகக் கடத்தும் ஒயர்) இணையும் ஒரு பெட்டியோடு வரும். பெட்டியில் டால்பி டிஜிட்டலை (சரவுண்ட் சத்தத்தைச் சுருக்கி அனுப்பும் முறை) பிரிக்கும் வசதி இருந்தால், டிவியின் டிஜிட்டல் ஆடியோ அவுட்டை டால்பி அல்லது பிட்ஸ்ட்ரீம் என்று வையுங்கள். இல்லையென்றால், சுருக்காத சத்தமான பிசிஎம் என்று வையுங்கள். கேபிள் சரியாக இருந்தும் சத்தமே வரவில்லை என்றால், முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

படி 3: கேம்

விண்டோஸ் கணினியில் சவுண்ட் செட்டிங்ஸைத் திறந்து, உங்கள் ஹெட்ஃபோனைத் தேர்ந்தெடுத்து, ஸ்பேஷியல் சவுண்ட் என்ற இடத்தில் விண்டோஸ் சோனிக் என்ற சரவுண்ட் முறையைப் போடுங்கள். அது இலவசம். டால்பி அட்மோஸ் என்ற இன்னொரு சரவுண்ட் முறைக்குக் காசு கட்ட வேண்டும். முதலில் இலவசத்தில் கேட்டுப் பார்க்கலாமே. பிளேஸ்டேஷன் 5-இல் சவுண்ட் பகுதியிலேயே 3டி ஆடியோ இருக்கிறது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: சரவுண்ட் ஒரே இடத்தில்தான் ஓட வேண்டும். கேமுக்குள்ளேயே ஹெட்ஃபோனுக்கான 3டி முறை இருந்தால் அதை வைத்துக்கொண்டு, விண்டோஸில் உள்ளதையும் ஹெட்ஃபோன் செயலியில் உள்ளதையும் நிறுத்திவிடுங்கள். இரண்டு ஒன்றன்மேல் ஒன்று ஓடினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும், திசையும் குழம்பும்.

படி 4: பாட்டு

சரவுண்டை அணைத்துவிடுங்கள். பெரும்பாலான பாடல்கள் இடம், வலம் என்ற இரண்டு தடத்துக்காகவே பதிவானவை. அதைச் சுற்றிலும் பரப்பினால் பாடகர் குரல் தூரத்தில் போய்விடும், தபேலாவின் அழுத்தம் குறையும். நம் பழைய பாட்டுகளை இப்படிக் கெடுத்துக் கேட்பது எனக்குப் பொறுக்காது. அட்மோஸில் கலந்து வெளியான பாடல் என்றால் மட்டும் போட்டுக் கேளுங்கள்.

சத்த அளவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். மழையை மீறிக் கேட்க வேண்டும் என்று ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். காதை முழுக்க மூடும் வகை இருந்தால் குறைந்த சத்தமே போதும்.

சத்தம் விட்டு விட்டு வந்தால், டாங்கிள் வைஃபை ரூட்டருக்குப் பக்கத்திலோ யுஎஸ்பி 3 துளையிலோ இருக்கிறதா பாருங்கள். இரண்டும் டாங்கிளின் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இடையூறு செய்யக்கூடியவை. சின்ன யுஎஸ்பி நீட்டிப்பு ஒயர் ஒன்றில் டாங்கிளைச் செருகி, மேசை மேல் எடுத்து வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.