ஆண்டு முடிவதற்குள் எதை முடிக்கலாம், எப்படி முடிக்கலாம்

தீபாவளிப் பலகாரம் தீர்ந்த கையோடு, "அதற்குள் வருஷம் ஓடிவிட்டதே" என்ற பேச்சு வீட்டுக்கு வீடு எழுந்துவிடுகிறது. ஜனவரியில் வாங்கிய டைரியைப் புரட்டினால் முதல் சில பக்கங்களில் தீர்மானங்கள் முத்து முத்தான கையெழுத்தில் இருக்கும். பொங்கலுக்குப் பிறகு பால் கணக்கும் கேஸ் பதிவு செய்த தேதியும்தான் மிஞ்சியிருக்கும். அதைப் பார்த்ததும் வரும் சலிப்பு, கைவசம் இருக்கும் நாட்களையும் சேர்த்தே வீணாக்கிவிடக் கூடியது. ஊக்கம் தானாக வரட்டும் என்று காத்திராமல், அது வரும்படி மீதி வேலையை அமைத்துக்கொள்வதற்குச் சில வழிகள் உண்டு.

முதலில் நாட்களைச் சரியாக எண்ண வேண்டும். நவம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரை 61 நாட்கள். ஆனால் அவை அனைத்தும் நம் கையில் இருப்பவை அல்ல. சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரை எடுத்து, ஞாயிற்றுக்கிழமைகள், போயே ஆக வேண்டிய கல்யாணங்கள், கார்த்திகை தீபம், பிள்ளைகளின் அரையாண்டுத் தேர்வு நாட்கள் ஆகியவற்றைக் கழித்துப் பாருங்கள். கடலோர மாவட்டங்களில் இருப்பவர்கள் நவம்பர் மழைக்கும் சில நாட்களை ஒதுக்க வேண்டும். மார்கழியில் முகூர்த்தம் இல்லை என்பதால் அதற்கு முந்தைய ஐப்பசி, கார்த்திகையில் அழைப்பிதழ்கள் குவிகின்றன. அதே காரணத்தால், டிசம்பர் 16 வாக்கில் மார்கழி பிறந்த பிறகு கல்யாணமோ கிரகப்பிரவேசமோ குறுக்கிடுவதில்லை. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வேலை செய்வோருக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறையால் அலுவலக நெருக்கடியும் பெரும்பாலும் தணிந்திருக்கும். ஆண்டின் கடைசிப் பதினைந்து நாட்கள் வீணானவை என்ற எண்ணம் நம் ஊரில் பலருக்குப் பொருந்தாது. உட்கார்ந்து செய்யும் வேலைக்கு அதைவிட நல்ல காலம் வாய்ப்பது அரிது. எனவே அலைந்து முடிக்க வேண்டியவற்றை முன்னதாகவும், எழுத்து, படிப்பு, கணக்கு போன்றவற்றை மார்கழிக்கும் வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது கழித்தல். நமக்கு ஆண்டு ஒன்றல்ல. வரவு செலவுக் கணக்குக்கு மார்ச் 31-இலும், பிள்ளைகளின் படிப்புக்குக் கோடை விடுமுறையிலும், பஞ்சாங்கத்துக்குப் பங்குனி முடிவிலும் ஆண்டு முடிகிறது. டிசம்பருக்குள் முடிந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதவற்றை அந்தந்தத் தேதிக்கு எழுத்தில் மாற்றிவிட வேண்டும். மனத்தளவில் தள்ளிப்போட்டால் போதாது. இனி வேண்டாம் என்று தோன்றுபவற்றை ஒரு கோடிட்டு அடித்துவிடலாம். இரண்டு, மிஞ்சினால் மூன்று வேலைகள் நிற்கட்டும். பட்டியல் நீளமாக இருக்கும் வரை ஊக்கத்தைப் பற்றிப் பேசுவதில் பயன் இல்லை என்பது என் கருத்து.

நிற்கும் வேலைகளில் "முடிந்தது" என்பதற்கு என்ன பொருள் என்று வரையறுப்பதே இதில் மிக முக்கியமான படி. பல வீடுகளில் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகும் ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம்: காலமான தந்தையின் பெயரில் இருக்கும் பட்டாவை மாற்றுவது. பட்டா எப்போது கைக்கு வரும் என்பது தாலுகா அலுவலகத்தைப் பொறுத்தது. அதை டிசம்பர் இலக்காக வைத்தால் ஏமாற்றமே மிஞ்சும். "இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, விண்ணப்ப எண் வாங்கியாயிற்று" என்பதை முடிவாக வைத்துக்கொண்டால், அது பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது. இனி அதைத் துண்டுகளாக்கலாம். பீரோவிலிருந்து பத்திரக் கட்டை எடுத்துப் பிரித்து, மூலப் பத்திரம், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றில் எது இருக்கிறது, எது இல்லை என்று ஒரு தாளில் எழுதுவது ஒரு மாலை வேலை. வில்லங்கச் சான்றுக்கு விண்ணப்பிப்பது இன்னொரு மாலை. வாரிசுச் சான்று இல்லையென்றால் அதற்கு விண்ணப்பிப்பதையே இந்த ஆண்டின் எல்லையாக வைத்துக்கொள்ளலாம். இத்தனையையும் எழுதிப் பார்க்கும்போதுதான், வேலை உண்மையில் எங்கே சிக்கி நிற்கிறது என்பது தெரியவரும். அனேகமாக அது காகிதத்தில் இருக்காது. கூட்டுப் பட்டாவாகக் கேட்பதா, பாகப்பிரிவினை செய்த பிறகு கேட்பதா என்று அண்ணனிடமோ அக்காவிடமோ பேசத் தயங்கும் அந்த ஒரு தொலைபேசி அழைப்பில் இருக்கும். அப்படியானால் அந்த அழைப்புக்குத்தான் முதலில் நாள் குறிக்க வேண்டும்.

எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரிந்தால் கால் தானாக விரையும். புதிர்ப்பாதையில் உணவைத் தேடி ஓடும் எலிகள் அதை நெருங்க நெருங்க வேகமெடுப்பதை, அமெரிக்க உளவியலாளர் கிளார்க் ஹல் 1932-இல் ஒரு கோட்பாடாகவே முன்வைத்தார். "உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்பதற்கு எல்லைக்கோடே இல்லை; எனவே நெருங்குவதற்கும் ஒன்றுமில்லை. "டிசம்பர் 10-க்குள் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பரிசோதித்து, முடிவுகளை மருத்துவரிடம் காட்டிவிடுவது" என்பதற்கு எல்லை உண்டு. பத்துக் கிலோ எடை குறைப்பது போன்றவற்றை இரண்டு மாதத்துக்குள் திணிக்காமல் விட்டுவிடுவதே உடம்புக்கும் நல்லது.

நாள் குறித்தால் மட்டும் போதாது, நேரமும் இடமும் சேர வேண்டும். எப்போது, எங்கே, எதற்குப் பிறகு என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்கள், வெறும் தீர்மானத்தோடு நின்றவர்களைவிடக் கூடுதலாகச் செயலில் இறங்குகிறார்கள் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கியிருக்கிறார். "நேரம் கிடைக்கும்போது படிப்பேன்" என்பதை, "காலைக் காபி குடித்து முடித்ததும், திண்ணையிலேயே உட்கார்ந்து நான்கு பக்கம்" என்று மாற்றுங்கள். மழையால் மின்சாரம் போனாலோ விருந்தினர் வந்தாலோ என்ன செய்வது என்பதையும் அப்போதே எழுதிவிடலாம்: அன்றைக்கு ஒரே பக்கம். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு மடங்காக ஈடுகட்ட முயல வேண்டாம். அந்தக் கடன் ஏறிக்கொண்டே போய், வேலையைத் தொடவே கை கூசும்.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு புதிதாக எதையும் தொடங்காதீர்கள். அந்த வாரத்தில் விண்ணப்ப எண்ணையும் ரசீதுகளையும் ஒரே கோப்பில் போட்டு, பாதியில் நிற்கும் வேலை ஒவ்வொன்றுக்கும் அடுத்துச் செய்ய வேண்டியது என்ன, யாரைக் கேட்க வேண்டும், அந்தக் காகிதம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று இரண்டு வரி எழுதி, புது டைரியின் ஜனவரி முதல் வாரப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.